தங்கைக்குச் சொன்னது சீதபேதி, இருந்தது புற்றுநோய்: புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அடையாறு வந்த கதை

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு விளம்பரம் கண்ணில் படும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். நாம் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடுவோம். ஆனால் மலத்தில் ரத்தம் போகிறவர், அதை வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிறவர், அந்த நம்பரை ஒரு தடவையாவது மனசுக்குள் குறித்துக்கொள்வார்.

நூறு வருஷத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு தொந்தரவு ஒரு இளம்பெண்ணுக்கு வந்தது. வயிற்றுப்போக்கும் ரத்தமும் இருந்தன. பார்த்த மருத்துவர்கள் சீதபேதி என்று முடிவு செய்து அதற்கே மருந்து கொடுத்தார்கள். உண்மையில் இருந்தது மலக்குடல் புற்றுநோய். அது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-ல் அந்தப் பெண் இறந்துபோனார். பெயர் சுந்தராம்பாள். வசதியோ படிப்போ இல்லாத வீடு என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அவருடைய அக்காவே ஒரு டாக்டர். அறுவை சிகிச்சைப் பாடத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அந்த அக்காதான் முத்துலட்சுமி ரெட்டி.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் வேர் புதுக்கோட்டையில் ஒரு வீட்டில் இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

திரை போட்ட வண்டி

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30. அன்றைய புதுக்கோட்டை தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். இந்தியாவோடு இணைந்தது 1948-ல், தனி மாவட்டமானது 1974-ல். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்துப் பெண். இந்தத் திருமணத்தை ஐயரின் சொந்தங்கள் ஏற்கவில்லை. அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஆக, இரண்டு பக்கத்திலிருந்தும் ஊர் வாய்க்கு ஆளான வீடு அது.

வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பது அன்றைய வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. தாயின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அனுமதி கொடுத்தார். அவர் திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் தனியாக உட்கார்ந்து படித்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒரு திருத்தம். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி எல்லாம் இவருக்கு முந்தைய தலைமுறை. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1870களில் மேரி ஷார்லீப் படித்திருக்கிறார். முத்துலட்சுமி 1912-ல் பட்டம் பெற்றார். பெண்களைத் தன் வகுப்பில் உட்கார விடாத அறுவை சிகிச்சைப் பேராசிரியர்கூட, இவர் வாங்கிய மார்க்கைப் பார்த்து மனம் மாறினார் என்பார்கள். எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த முதல் பெண்ணும் இவரே.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கும் நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவர் அப்படியே இருந்தார் என்பதற்கு, பின்னால் முத்துலட்சுமி செய்த வேலைகளின் பட்டியலே சாட்சி.

சீதபேதியா, மூலமா, வேறா?

சுந்தராம்பாளின் நோய்க்கு வருவோம். ஏன் தவறவிட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்வது இன்றைக்கும் முக்கியம்.

மலக்குடலில் கட்டி வளரும்போது அது சுலபமாகப் புண்ணாகி ரத்தம் கசியும். சளியும் சேர்ந்து வரும். குடல் நிறைந்திருப்பது போலவே ஓர் உணர்வு இருக்கும். அதனால் அடிக்கடி கழிவறைக்குப் போகத் தோன்றும், போனால் முழுசாகப் போன திருப்தி இருக்காது. சீதபேதிக்கும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். மூலத்திலும் ரத்தம் வரும். வித்தியாசம் என்னவென்றால், சீதபேதி சில நாளில் மருந்துக்கு அடங்கும். கட்டி அடங்காது, நடுவில் கொஞ்சம் குறைகிற மாதிரி போக்குக் காட்டும். குறைந்துவிட்டது என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

ஒரு மருத்துவர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்தாலே மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பல கட்டிகள் தட்டுப்படும். அதற்கு மேலே இருப்பதைப் பார்க்க இன்றைக்கு கொலோனோஸ்கோப்பி இருக்கிறது. 1923-ல் அது கிடையாது. சென்னையில் பர்னார்டு கதிரியக்க நிலையமே 1934-ல்தான் வந்தது. எனவே அன்றைக்குத் தவறியதை முழுக்கவும் மருத்துவர்களின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கு ஆறு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு யாரும் பரிசோதனை செய்யாமல் மூலத்துக்கு லேகியம் கொடுத்துக்கொண்டிருந்தால், அது வேறு விஷயம்.

தங்கை வலியில் துடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் முத்துலட்சுமி. டாக்டராக இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்தச் சாவு அவரை விடவேயில்லை.

லண்டன், சட்டமன்றம், அவ்வை இல்லம்

1925-ல் அரசு உதவித்தொகையில் மேல்பயிற்சிக்கு லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படிப்பதுதான் நோக்கம். ஆனால் அங்கே ராயல் கேன்சர் ஹாஸ்பிட்டலையும் பார்த்தார். புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை, அதில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ். இது மாதிரி ஒன்று சென்னையில் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. (அந்த லண்டன் மருத்துவமனை ராயல் மார்ஸ்டன் என்று பெயர் மாறியது 1954-ல். அடையாறு மருத்துவமனை திறந்ததும் அதே வருஷம்.)

திரும்பி வந்ததும் வாழ்க்கை வேறு பக்கம் இழுத்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண். 1927-ல் சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார். தேவதாசி ஒழிப்புக்காக அங்கே அவர் நடத்திய போராட்டம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, இங்கே நீட்ட வேண்டாம். அந்தச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆனது என்பதை மட்டும் சொல்லலாம். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை ராஜினாமா செய்தார். போக்கிடம் இல்லாமல் தன் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூறாவது ஆண்டு. அந்த விழாவில்தான் ஏழைகளுக்கான ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற யோசனையைப் பொதுவில் வைத்தார். கேட்டவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். மருத்துவமனை வருவதற்கு இன்னும் 19 வருஷம் ஆனது.

சாகத்தானே போகிறார்கள்?

இடையில் என்ன தடை? பணம் மட்டும் இல்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அப்புறம் எதற்கு மருத்துவமனை என்ற நினைப்புதான் பெரிய தடை. இதை ஊர் மக்கள் மட்டும் சொல்லவில்லை, அரசில் இருந்தவர்களும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். பொது மருத்துவமனையில் நாலு படுக்கை ஒதுக்கினால் போதாதா என்பது அடுத்த கேள்வி.

இந்த நினைப்பு எவ்வளவு கெடுதல் என்றால், அது தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும். எப்படியும் சாவு என்று நினைப்பவர் கடைசிக் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார். கடைசிக் கட்டத்தில் வந்தால் காப்பாற்றுவது கஷ்டம். அவர் இறந்ததும் பார்த்தாயா, கேன்சர் என்றாலே இப்படித்தான் என்று ஊர் சொல்லும். அடுத்தவர் இன்னும் தாமதிப்பார்.

வராமல் இருந்த காலத்தில் என்ன செய்தார்கள்? கைவைத்தியம், பச்சிலை, பத்தியம், நேர்த்திக்கடன். நாட்டு மருத்துவம் அப்போது ஒன்றும் ஒளிந்து கிடந்த விஷயமில்லை. 1920களில் உஸ்மான் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு, சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் உடற்கூறியலோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தொடங்கியது. கீழ்ப்பாக்கத்தில் அது இருந்த இடத்தில்தான் பின்னால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வந்தது. இரண்டு மருத்துவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்ற விவாதத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு வயது ஆகிறது. இன்றைக்கு வந்த ஃபேஷன் இல்லை.

12 படுக்கை

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார் முத்துலட்சுமி. அப்போது வயது 63. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அமெரிக்காவில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி முடித்து வந்திருந்தார். அம்மா நிதி திரட்டினார், மகன் சிகிச்சைத் திட்டம் போட்டார். 1952 அக்டோபர் 10-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள்.

அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் நல்ல வேலை கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன இடத்துக்கு வந்தார். ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு முகவரி இல்லாத ஸ்டார்ட்அப்பில் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், பங்கு எதுவும் இல்லாமல். 2021-ல் இறக்கும் வரை அவர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

1950களின் பிற்பாதியில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஆசியாவிலேயே இப்படிப்பட்ட முதல் கருவிகளில் ஒன்று. தோலைப் பொசுக்காமல் ஆழத்தில் இருக்கும் கட்டிக்குக் கதிரைச் செலுத்த முடிந்தது. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சையில் இறங்கினார்கள். வெற்றிலை, புகையிலை போடும் நாட்டில் வாய்ப் புற்றுக்கு வழி கண்டுபிடிப்பது எவ்வளவு அவசரம் என்பது சொல்லாமலே புரியும். சேர்த்துக் கொடுப்பது என்ற சொல்லுக்கு இங்கே ஓர் அர்த்தம் உண்டு. எதை, எவ்வளவு, எந்த நாளில், விளைவு என்ன என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்துச் சேர்ப்பது.

சுடுகாட்டு மல்லி

அதே வருஷங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் பார்க்கலாம். நம் ஊர்களில் ரோட்டோரத்திலும் சுடுகாட்டிலும் தானாக முளைத்துக் கிடக்கும் ரோஸ் நிறப் பூ நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபல் என்ற விஞ்ஞானி அந்த இலையைச் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் ரத்த வெள்ளணுக்கள் சரசரவெனக் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே ரத்தப் புற்றுநோய்? அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் பிறந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் இன்றைக்கும் அடிப்படை மருந்து.

இதைக் கேட்டதும் அப்போ நித்தியகல்யாணிக் கஷாயம் குடித்தால் போதுமே என்று யாராவது ஃபார்வர்டு போடுவார்கள். அங்கேதான் சிக்கல். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் மருந்து அளவு கிடைக்காது, செடியில் உள்ள மற்ற நச்சுகள் கிடைக்கும். வின்கிரிஸ்டினே கொஞ்சம் அதிகமானாலும் நரம்பைப் பாதிக்கும். ரத்தக் குழாய்க்குள் மட்டுமே செலுத்த வேண்டிய அதைத் தவறி முதுகுத் தண்டில் போட்டால் உயிரே போய்விடும். நாட்டு மருந்து என்றால் பக்கவிளைவு இல்லை என்பவர்கள் இந்தச் செடியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நாட்டு மருந்தில் ஒன்றுமே இல்லை என்பவர்களும்தான்.

கூடவே எடுப்பதும், அதற்குப் பதிலாக எடுப்பதும்

கீமோ நடக்கும் வீடுகளில் இன்றைக்கு நடப்பது இதுதான். அப்பாவுக்கு ஊரில் ஒரு வைத்தியர் பொடி கொடுத்திருப்பார், அத்தை ஒரு ஜூஸ் சொல்லியிருப்பார், யூடியூப் ஒன்று சொல்லும். பையன் பெங்களூரிலிருந்து போனில் விசாரிப்பான். டாக்டரிடம் மட்டும் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், திட்டுவார் என்று.

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, சிகிச்சையோடு கூடவே செய்வது. மற்றொன்று, சிகிச்சைக்குப் பதிலாகச் செய்வது.

கூடவே செய்வதில் சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. யோகா, மூச்சுப் பயிற்சி, மனதை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி ஆகியவை பதற்றம், தூக்கமின்மை, களைப்பு ஆகியவற்றைக் குறைக்க உதவும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. வலிக்கு அக்குபங்சரும் சில இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. இவை எதுவும் கட்டியைக் கரைக்காது. சிகிச்சையைத் தாங்கிக்கொண்டு முடிக்க உதவும். கீமோவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நிறைய இருக்கும் நாட்டில் முடிப்பதே பெரிய காரியம்.

பதிலாகச் செய்வதற்கு வந்தால் கணக்கு கடுமையானது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. அதே குழுவின் அடுத்த ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கும் அபாயம் இரண்டு மடங்கு இருந்தது. காரணத்தைத் தேடியபோது, அவர்களில் நிறையப் பேர் ஆபரேஷனையோ கீமோவையோ கதிர்வீச்சையோ ஏதாவது ஒன்றைத் தவிர்த்திருந்தார்கள் என்று தெரிந்தது. கூடவே என்று தொடங்குவது மெதுவாகப் பதிலாக என்று மாறிவிடுகிறது.

இன்னொரு ஆபத்து சமையலறையில் இருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் ஒன்றும் செய்யாது. அதே மஞ்சளைச் செறிவூட்டி, மிளகுச் சத்து சேர்த்து, மாத்திரையாக விற்பது வேறு. மிளகில் உள்ள பைப்பரின், கல்லீரல் மருந்துகளை உடைக்கும் வேகத்தை மாற்றக்கூடியது. உடைவது தாமதமானால் கீமோ மருந்து உடம்பில் தேவைக்கு மேல் தங்கும். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் வேகவைக்காத இலைச் சாறு குடித்தால் கிருமித் தொற்று வரலாம். எனவே என்ன சாப்பிட்டாலும் பெயரோடு எழுதி, பாக்கெட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுவதுதான் வழி. சித்த மருத்துவரிடமும் அதே மாதிரி கீமோ ஃபைலைக் காட்ட வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். போன் நம்பர் மட்டும் உள்ள சுவர் விளம்பரத்தைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

1968

முத்துலட்சுமிக்கு 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவருடைய கவனம் அவ்வை இல்லத்துக் குழந்தைகள் மேலும் மருத்துவமனை மேலும்தான். 1960களில் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு அடையாறில் வளர்ந்தது. பின்னாட்களில் நோயாளியின் மனநிலையைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறையும் வந்தது. சிகிச்சையோடு கூடவே வேண்டியது என்று முன்பு பார்த்தோமே, அதில் முதலாவதாக இருக்க வேண்டியது ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும். நோயைக் கேட்டு நொறுங்கிப் போய் உட்கார்ந்திருப்பவரிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள்.

1968 ஜூலை 22-ல், 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னால், முத்துலட்சுமி ரெட்டி இறந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் தரும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில் இருப்பதால், அந்தப் பெயர் இன்றைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தினமும் கேட்கிறது. அவர் பிறந்த ஜூலை 30-ஐ அரசு மருத்துவமனைகள் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகின்றன.

புதுக்கோட்டையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2017-ல் முள்ளூரில் தொடங்கியது. மலத்தில் ரத்தம் போனால் விரல் பரிசோதனைக்கு சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கட்டி என்று தெரிந்தால் சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறதா, ரத்தம் வருகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, சோகை பிடித்திருக்கிறதா என்று ஊரில் இருக்கும் அம்மா அப்பாவிடம் இந்த வார போன் காலில் கேட்கலாம். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.